சோழவரத்தில் ஏரி மட்டும்தானா?

சோழவரம் என்றதும் சென்னைக்காரனுக்கு ஞாபகம் வருவது ஏரி. மொத்தக் கொள்ளளவு 1,081 மில்லியன் கன அடி. இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, குழாயில் வருமா வராதா? கோடை வந்தால் பேச்சு அதோடு சரி.

தலை நரைத்தவர்களைக் கேட்டால் வேறு கதை வரும். அவர்களுக்குச் சோழவரம் என்றால் கார் ரேஸ்! செங்குன்றம் தாண்டி, கல்கத்தா ரோட்டில், ஆயிரக்கணக்கில் ஜனம் திரண்ட இடம். இன்றைக்கு அந்தப் பக்கம் பஸ்சில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். அடுத்தது மெட்ராஸ்தான் என்று பீதி. பாதி ஊர் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டது. அந்த யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட விமான ஓடுதளங்களில் சோழவரமும் ஒன்று. 1945ல் யுத்தம் முடிந்தது. விமானம் போய்விட்டது. ஓடுதளம் மட்டும் வெயிலில் காய்ந்து கிடந்தது.

1953ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது. பந்தயம் விடுகிறவனுக்கு என்ன வேண்டும்? மேடு பள்ளம் இல்லாத நீளமான தரை, குறுக்கே மாட்டு வண்டி வராத இடம். விமானம் இறங்கவும் அதேதானே வேண்டும்! 1950களிலேயே சோழவரத்தில் கார் உறுமத் தொடங்கிவிட்டது. கல்கத்தாவில் பாரக்பூர், பம்பாயில் ஜூஹு என்று மற்ற ஊர்களிலும் விமானத் தளத்தில்தான் பந்தயம் நடந்தது.

இங்கிலாந்திலும் அதே கதைதான். சில்வர்ஸ்டோன் என்று உலகம் கொண்டாடுகிற பந்தயத் தடமும் யுத்த கால விமானத் தளம்தான். 1950 மே 13ந் தேதி உலக சாம்பியன் பட்டத்துக்கான முதல் பார்முலா-1 பந்தயம் அங்கேதான் நடந்தது. சோழவரமும் சில்வர்ஸ்டோனும் ஒரே யுத்தத்தில் பிறந்த பிள்ளைகள். ஒன்று மகாராஜாவாகிவிட்டது. மற்றது அநாதை.

பட்டறைக்காரன் கைவண்ணம்

"பணக்காரன் விளையாட்டு! அதுக்கு ஒரு நினைவுச் சின்னமா?" என்று யாராவது கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஸ்டியரிங் பிடித்தவர்களில் மகாராஜாக்கள் உண்டு, மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் உண்டு. பின்னாளில் வேறு காரணங்களுக்காகப் பேப்பரில் பேர் அடிபட்ட விஜய் மல்லையாவும் இங்கே கார் ஓட்டியவர்தான்.

ஆனால் வண்டி ஓடியது யாரால்? வெளிநாட்டுச் சாமான் இறக்குமதி செய்ய லைசென்ஸ், பர்மிட் என்று ஆயிரம் முட்டுக்கட்டை இருந்த காலம் அது. ரோட்டில் ஓடுகிற அதே பியட், அதே ஹெரால்டு. அதைப் பிரித்துப் போட்டு, எடையைக் குறைத்து, சிலிண்டரைக் கடைந்து, கார்புரேட்டரை மாற்றி, பந்தய வண்டி ஆக்க வேண்டும். திருவொற்றியூரில் தயாரான என்பீல்டு புல்லட்டும் அப்படித்தான். லேத் பட்டறையிலும் டிங்கரிங் ஷெட்டிலும் ராத்திரி கண் விழித்தவன் கூலிக்காரன். கப்பை வாங்கியவன் போட்டோவில் நிற்கிறான். ஸ்பேனர் பிடித்தவன் பேர் எதிலாவது இருக்கிறதா?

சென்னைக்கு இந்தியாவின் மோட்டார் நகரம் என்று இன்று பட்டம் சூட்டுகிறார்கள். அந்தப் பட்டம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. 2005ல் பார்முலா-1 ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் தமிழ்நாட்டுப் பிள்ளை. அடுத்து 2010ல் ஓட்டிய கருண் சந்தோக் சென்னைப் பிள்ளை. நரேனின் அப்பா ராலி ஓட்டியவர். கருண் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே மோட்டார் பந்தயப் பேச்சுதான். இரண்டு பேருமே தமிழ்நாட்டிலிருந்து வந்தது தற்செயலா?

1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தத் தடம் திறந்தது. நல்ல காரியம். அதோடு சோழவரத்தின் கதை முடிந்தது. 2024 ஆகஸ்டு கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோ மீட்டர் ரோட்டில் விளக்கு வெளிச்சத்தில் பார்முலா-4 பந்தயம் நடந்தபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. சோழவரத்தைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்?

நூறு வயது ஆகணுமாம்!

கோவில், கோட்டை என்றால் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் 1958ம் வருஷத்துச் சட்டப்படி புராதனச் சின்னம் ஆவதற்குக் குறைந்தது நூறு வயது ஆகியிருக்க வேண்டும். சோழவரம் ஓடுதளம் 1940களில் போட்டது. நூறு ஆக இன்னும் பதினைந்து வருஷமாவது போக வேண்டும். வடசென்னை பெருகுகிற வேகத்தில், வீட்டுமனை கல் ஊன்றுகிற வேகத்தில், அதுவரை என்ன மிஞ்சும்? செத்த பிறகு வருகிற டாக்டர் மாதிரிதான் இந்தச் சட்டம். மாநிலத்தில் 2012ல் நிறைவேறிய பாரம்பரிய ஆணையச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தக் கதவையாவது தட்டிப் பார்க்கலாம்.

முடியாத காரியம் இல்லை. குட்வுட் என்று இங்கிலாந்தில் ஒரு தடம். அதுவும் யுத்த கால விமானத் தளம்தான். 1948ல் பந்தயம் ஆரம்பித்து, 1966ல் மூடிவிட்டார்கள். 32 வருஷம் பந்தயம் இல்லாமல் கிடந்தது. 1998ல் பழையபடியே புதுப்பித்து, பழைய கார்களை மட்டும் ஓடவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களும் அந்தக் காலத்து உடுப்பில் வருகிறார்கள்! புரூக்லண்ட்ஸ் கதை இன்னும் மோசம். 1907ல் பந்தயத்துக்கென்றே போட்ட தடம் அது. 1939ல் பந்தயம் நின்றது. பிறகு விமானத் தொழிற்சாலைக்காரர்கள் அதை வாங்கி, தங்கள் வசதிக்கு வெட்டி உடைத்தார்கள். மிச்சம் இருந்த துண்டைத்தான் காப்பாற்றினார்கள். 1991ல் அங்கே மியூசியம் வந்தது. துண்டுதான் மிச்சம் என்று கைவிடவில்லை.

சோழவரத்தில் மறுபடி ரேஸ் விட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வீடு வேண்டும், ரோடு வேண்டும், ஜனத்துக்கு இடம் வேண்டும். எல்லாம் சரி. ஆனால் எதைக் கட்டினாலும் ஓடுதளத்தில் ஒரு துண்டையாவது உடைக்காமல் விடலாமே! அதன் பக்கத்தில் ஒரு கல் நட்டு, "இங்கே பந்தயம் நடந்தது" என்று தமிழில் எழுதி வைக்க எத்தனை கோடி ஆகும்? நிலத்தைக் கையில் வைத்திருக்கும் துறை எதுவானாலும், திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் அதைக் கூப்பிட்டுப் பேசி, முதலில் தடத்தை அளந்து வரைபடம் எடுத்து வைக்கட்டும். இருங்காட்டுக்கோட்டையில் பழைய போட்டோ, நோட்டீஸ், டிக்கெட், கழற்றிப் போட்ட என்ஜின் எல்லாவற்றுக்கும் ஒரு ஹால் ஒதுக்கலாம். வீட்டுப் பரணில் வைத்திருப்பவர்கள் கொண்டு வந்து கொடுப்பார்கள்.

கல்லும் ஹாலும் ஆறு மாசம் தாமதமானாலும் பரவாயில்லை. மனுஷன் காத்திருக்க மாட்டான். 1965ல் இருபது வயதில் சோழவரத்தில் ஸ்பேனர் பிடித்த பையனுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. எந்த வண்டியில் என்ன மாற்றினான், எந்த வளைவில் எது கவிழ்ந்தது என்று சொல்ல அவனை விட்டால் ஆள் கிடையாது. முதலில் அந்தப் பெரியவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். கையில் இருக்கிற போனே போதும்.