லைன் வீட்டு வாடகை: வாய்ப்பேச்சு மட்டும் ஏன் போதாது?

திருப்பூரில் லைன் வீடுகள் பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் வாடகைக்குப் போகின்றன. பனியன் கம்பெனி ஆள், தெரிந்தவர் சொன்னார், அட்வான்ஸ் வந்தது, சாவி கொடுத்தாச்சு. 'ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடுவாங்க, எதுக்குப் பத்திரம்?' என்பது உரிமையாளர்கள் தரப்புப் பேச்சு.

ஆனால் 1960-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. அதை 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், பதிவு எண் கிடைக்கும். '11 மாசம்னு போட்டா பதிய வேண்டாம்' என்பது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்கு மட்டும் பொருந்தும் பழைய கணக்கு. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்கு அது செல்லாது. கம்பெனியே தன் தொழிலாளர்களுக்குத் தரும் குடியிருப்புக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு.

ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. காலி செய்ததும் பாக்கியைக் கழித்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

இங்கே அதிகம் சிக்கலாவது இரண்டு விஷயங்கள். ஒன்று, தலைக்கணக்கு. ஒருவர் பெயரில் எடுத்த அறையில் ஆறு பேர் தங்குவது சகஜம். எத்தனை பேர், யார் யார் என்பதை எழுதிவிட வேண்டும். உள்வாடகைக்கு விட உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் தேவை என்கிறது சட்டம்.

இரண்டாவது, தையல் மிஷின். வீட்டில் இரண்டு பவர் டேபிள் போட்டு பீஸ் ரேட்டுக்குத் தைத்தால், அது குடியிருப்பா, யூனிட்டா? வீட்டு இணைப்பை வேறு பயன்பாட்டுக்கு ஓட்டியதாக மின்வாரியம் முடிவு செய்தால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அந்தப் பயன்பாட்டுக்கான கட்டணத்தைப்போல் இரு மடங்கு வசூலிக்கலாம். இணைப்பு உரிமையாளர் பெயரில் இருந்தால் நோட்டீஸும் அவருக்குத்தான். மிஷின் போடலாமா, போட்டால் இணைப்பை மாற்றும் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதுவது நல்லது.

ஒடிசா, பிகார் தொழிலாளியிடம் தமிழ் ஒப்பந்தத்தில் வெறும் கையெழுத்து வாங்குவதில் அர்த்தமில்லை. அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டினால் பின்னால் தகராறு குறையும்.

வாடகை பாக்கிக்காகத் தண்ணீரை நிறுத்துவதும், ஃபியூஸைப் பிடுங்குவதும் சட்டப்படி தப்பு. அதே ஆயுதத்தை எடுத்தால் வாடகைதாரர்தான் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுப்பார். இரண்டு மாத பாக்கி நின்றால் நோட்டீஸ் கொடுத்து, அப்படியும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கோரலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது ஒப்பந்தம்.