கண்ணில் விடும் சொட்டு மருந்து

சென்ற மாதம் கண்புரையைப் பற்றி எழுதியதைப் படித்த அன்பர்கள் சிலர், கண் அழுத்த நோயும் அதுதானே என்று கேட்டிருக்கிறார்கள். அன்று. புரையை அறுத்து எடுத்தால் பார்வை மீளும். கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயோ, விழியினின்று மூளைக்குச் செல்லும் நரம்பை ஓசைப்படாமல் அரித்துவிடுவது. போன பார்வை போனதுதான். எஞ்சியதைக் காக்கவே மருந்து. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் தென்தமிழகக் கிராமங்களில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நாற்பது வயதினரிலும் அதற்கு மேற்பட்டோரிலும் 100-க்கு 2.6 பேருக்கு இந்நோய் காணப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதுவரை அதனை அறியாதவர்கள்.

நோவே இல்லாத நோய்க்கு ஆயுள் முழுதும் மருந்து. அம்மருந்தோ தொல்லை தருவது. எனவே அநேகர் டாக்டரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். அதுவே பெரிய ஆபத்து.

கண்ணில் விடுவது உடம்பை என்ன செய்யும் என்று எண்ணலாகாது. கண்ணின் மூக்கோர மூலையில் கண்ணீர் வடியும் சிறு துளை உண்டு. அதன் வழியே மருந்து மூக்கினுள் இறங்கி இரத்தத்தில் கலந்துவிடும். அமெரிக்காவில் 1978-இல் அனுமதி பெற்ற டிமோலால் இன்றும் பெருவழக்கில் உள்ளது, விலையும் குறைவு. ஆயினும் அது இருதயத் துடிப்பை மந்தப்படுத்தும். இரைப்பு நோய் உள்ளவருக்கு மூச்சை அடைக்கும்.

கௌதள்ளியில் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். டாக்டர் கன்னடத்தில், "உப்பஸ இதெயா?" என்று கேட்டிருக்கிறார். கன்னடத்தில் அது மூச்சிரைப்பு. நம்மவரோ தமிழ் உப்புசம் என்று கொண்டு, வயிற்றைத் தடவிப் பார்த்து, இல்லை என்று தலையசைத்துவிட்டார். நான்காம் இரவு மூச்சுத் திணறல். மருமகள், "மாமா, புதிதாக வந்தது இந்த மருந்து ஒன்றுதானே" என்று சீசாவையும் எடுத்துக்கொண்டு அழைத்துச் சென்றதால் பிழைத்தார். மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். இருபது ஆண்டு இங்கே வாழ்ந்தும் ஒரு சொல் இப்படிச் சதி செய்துவிட்டது!

லட்டனோப்ராஸ்ட் போன்றவை 1996 முதல் வந்தவை. இரவில் ஒரு சொட்டுப் போதும். கண் சிவக்கும், இமை கறுக்கும், இமைமயிர் நீண்டு அடர்ந்து வளரும். ஒரு கண்ணுக்கு மட்டும் விடுவோருக்கு இரு கண்ணும் வேறுபட்டுத் தோன்றும். இவ்வினத்து மருந்தொன்றையே இமைமயிர் வளர்க்கவென்று 2008-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஒருவருக்குத் தொல்லை, மற்றவருக்கு அலங்காரம். பிரிமோனிடின் வாயை உலர்த்தும், தூக்கம் தரும். நம்மைப்போல் ரயில்வேயில் இரவு முறை பார்ப்போர் இதனைக் கேட்டறிந்து கொள்ளுதல் நன்று. கைக்குழந்தைக்கு இது பெருங்கேடு. சீசா தொட்டிலருகே இருக்கலாகாது. அசிட்டசோலமைடு மாத்திரையால் விரல் மரமரக்கும், சோடா ருசி கெடும், சிறுநீர்க் கல்லும் உண்டாகலாம்.

தொல்லையைக் குறைக்க எளிய வழி உண்டு. ஒரே சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்திக் கொள்க. மருந்து கண்ணிலேயே தங்கும். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிஷம் கழித்தே விடுக. டாக்டரிடம் செல்லும்போது இருதயத்துக்கும் இரைப்புக்கும் உண்ணும் மாத்திரைகளையெல்லாம் பையில் எடுத்துச் சென்று காட்டுக. சீட்டைக் காட்டுவதிலும் அது மேல்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். கண் சிவந்தால் கடையில் தாமே கேட்டு வாங்கும் சொட்டு மருந்து சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. அதனை வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் தானே ஏறிவிடும். வீட்டு அலமாரியில் பழைய சீசா ஏதும் இருப்பின், அடுத்த முறை அதனையும் அந்தப் பையில் போட்டுக்கொள்க.