சனிக்கிழமை இரண்டு மணி நேரம்



வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், சனிக்கிழமைதோறும் அரசு மாணவியர் விடுதி ஒன்றுக்குப் போய் வருகிறேன். அங்கே, பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பிள்ளைக்கு, வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பக் கை நடுங்கியது. “தப்பா எழுதினா திட்டுவாங்களா மேடம்?” என்றாள். கட்டாயக் கல்யாணப் பேச்சு எழுந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம் என்பதே பலருக்குப் புதுச் செய்தி.

இத்தகைய நேரங்களில் கைகொடுக்கும் முடிவெடுத்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் உள்ளிட்ட 10 வாழ்க்கைத் திறன்களை உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே வகுத்துத் தந்துவிட்டது. அவற்றைப் பழக்க, பொறுமையாகக் காது கொடுக்கும் பெரியவர்கள்தான் வேண்டும். தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தரும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் 2021இல் வந்தபோது எட்டாம் வகுப்பு வரைக்குமானதாகவே இருந்தது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அப்படியொரு தன்னார்வலர் ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும். ஓய்வு பெற்ற நண்பர்களே, பக்கத்து விடுதிக் காப்பாளரை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

– ஒரு வாசகி, மதுரை