கடதாசிப்பூச் செடியின் இலை மஞ்சளித்தால்

ஹோலில் வைத்த கடதாசிப்பூச் செடியின் இலை மஞ்சளித்ததும் பலர் இன்னும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுவார்கள். பல வேளை அதுவே செடியைக் கொன்றுவிடும்.

முதலில் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். சதா ஈரமாயிருந்தால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம். தண்ணீரை நிறுத்தி, சாடியின் அடித்துவாரம் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். மண் ஈரமின்றி, அடியிலைகள் ஒரேசீராக மஞ்சளித்தால் பெரும்பாலும் நைதரசன் குறைவு, அளவாகப் பசளையிடுங்கள். இளந்தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாயிருந்தால் இரும்புச்சத்துக் குறைவு.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது வெயிலின் செடி. நாளுக்கு 5, 6 மணி நேர வெயில் தேவை. ஜன்னலோரம் வைத்து, சிறிது சிறிதாக வெளி வெயிலுக்குப் பழக்குங்கள். மஞ்சளித்த முதிர்ந்த இலை உதிரட்டும். புதுத் தளிரின் நிறத்தைக் கவனியுங்கள், செடி தேறுவதை அதுவே சொல்லும்.