எட்டு மணி நேரத்தில் ஒரு தீவு

உல்லாசக் கப்பற் பயணம் ஒரு காலத்தில் மேலைநாட்டுச் செல்வர்க்கே உரிய பொழுதுபோக்காயிருந்தது. இன்றோ அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் பணிபுரியும் நம்மவர் பலர் விடுமுறைக் காலத்தில் மனைவி மக்களோடு கரீபியன் தீவுகளுக்குக் கப்பலேறுகின்றனர். ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து உடன் அழைத்துச் செல்வோரும் உளர். மகிழத்தக்க செய்தியே. ஆயினும் அவர்கள் கொண்டுவந்து காட்டும் படங்களைப் பார்க்கையில் ஓர் ஏக்கம் பிறக்கிறது. வெண்மணல், நீலக்கடல், கடைத்தெரு, தொப்பி. எந்தத் தீவு என்று கேட்டால் விடை தடுமாறுகிறது.

இதற்குப் பயணிகளை மட்டும் குறை கூறுதல் தகாது. கப்பல் காலையில் துறைமுகத்தை அடைகிறது, மாலையில் புறப்பட்டுவிடுகிறது. இடையே கிடைப்பது எட்டு மணி நேரம். சில துறைகளில் அதனினும் குறைவு. அந்த நேரத்தை எவ்வாறு கழிப்பது என்பதற்குக் கப்பல் நிறுவனமே கரைச் சுற்றுலாக்களின் நீண்ட பட்டியல் ஒன்றை நீட்டுகிறது. கடற்குளியல், படகுச் சவாரி, மதுவடிசாலை, கடைவீதி என்று அது விரியும். மதுவடிசாலை நமக்கு வேண்டாதது. மற்றவை எல்லாத் தீவுகளிலும் உள்ளவை. கடலில் குளிப்பதற்குக் கப்பலை விட்டு இறங்குவானேன் என்று கூடக் கேட்கத் தோன்றுகிறது. கப்பலிலேயே நீச்சற்குளம் இருக்கிறதே! தேர்வுக்குரிய கேள்வி ஒன்றே: இத்தீவிலன்றி வேறெங்கும் காணவியலாதது எது?

பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்குமாறு திருமறை பலவிடங்களில் அழைப்பதை நாம் அறிவோம். அந்நோக்கில், குவாதலூப் என்னும் தீவை எடுத்துக்கொள்கிறேன். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட அத்தீவில் கப்பல்கள் அணையும் நகரம் புவாந்தப்பீத்தர். அத்துறைமுகத்தின் கரையிலேயே ‘மெமோரியல் ஆக்த்’ என்னும் நினைவகம் 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கரிய சுவர்களின்மேல் வெள்ளி வேர்கள் படர்ந்தாற்போன்ற கட்டடம் அது. முன்பு தர்பூசியே என்னும் பெரிய சர்க்கரை ஆலை இருந்த இடத்திலேயே அது எழுந்துள்ளது என்பது கருதத்தக்கது. ஆப்பிரிக்க மக்களைப் பிடித்துவந்து கரும்புத் தோட்டங்களில் மாடுகளைப்போல் உழைக்கச் செய்த வரலாறு முழுவதும் அங்கே காட்டப்படுகிறது. அம்மக்களுள் முஸ்லிம்களும் இருந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

அவ்வரலாறு எளிதன்று. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1794இல் அடிமை முறையை ஒழித்தனர். நெப்போலியன் 1802இல் அதனை மீண்டும் நிலைநாட்டப் படையனுப்பினான். எதிர்த்து நின்ற லூயி தெல்கிரே என்னும் படைத்தலைவர், இனிச் சிறைப்படுவது உறுதி எனக் கண்டபோது, மத்தூபா என்னுமிடத்தில் தம் தோழர் நூற்றுவர்க்கும் மேற்பட்டோருடன் வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்டார். 1848இலேதான் அடிமை முறை முற்றாக ஒழிந்தது. அத்தீவின் லெ மூல் பகுதியில் செந்த்-மார்கரித் என்றொரு கடற்கரை உண்டு. 1995ஆம் ஆண்டுப் புயல்களுக்குப் பின் அங்கே மணலுக்குள்ளிருந்து மனித எலும்புகள் வெளிப்பட்டன. அது அடிமைகளின் இடுகாடு என்பதை அகழ்வாராய்ச்சி காட்டியது. கடற்கரைதான் வேண்டுமென்பார் அதனையும் ஒருமுறை பார்க்கலாம்.

அடிமைகள் விடுதலை பெற்றபின் கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளாக வாய்த்தவர்கள் நம்மவர்கள். 1854ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் ‘ஒரேலி’ என்னும் கப்பல் முதற் கூட்டத்தைக் கொண்டு சேர்த்தது. அதன்பின் ஏறத்தாழ 35 ஆண்டுகளில் புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து சுமார் 42,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். திரும்பியோர் அவருள் ஒரு சிறு பகுதியினரே. கடற்பயணத்திற்குப் பெண்களை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியத்திற்குப் பொருள் கூறுவர் (வேறு பொருள் கூறுவாரும் உண்டு). இக்கப்பல்களிலோ பெண்களும் குழந்தைகளும் ஏற்றப்பட்டனர். வறுமைக்கு இலக்கணம் தெரியாது போலும்!

புவாந்தப்பீத்தரிலிருந்து வாடகை வண்டியில் கப்பெஸ்தேர் என்னும் ஊருக்குச் செல்லலாம். சாலையோரத்தில் ஷாஞ்சி என்னுமிடத்தில் தமிழர் கட்டிய கோயிலொன்று நிற்கிறது. மாரியம்மன் அங்கே ‘மாலியெமென்’. இதைக் கேட்டு வியப்போர் அடுத்த செய்தியைக் கேட்டு இன்னும் வியப்பர். அத்தீவிலும் அண்டையிலுள்ள மர்த்தினிக்கிலும் இந்துக்கள் தம் சடங்குகளில் கொடிமரம் நட்டு, ‘நாகூர்மீரா’ என்று ஒருவரைப் போற்றுகின்றனர். கடல் கடந்த முன்னோரைக் காத்தவர் என்பது அவர்தம் நம்பிக்கை. அவர் வேறு யாருமல்லர். நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது மீரான் சாஹிபு அவர்களே. கப்பல் வடிவ இரதத்தில் கொடி ஊர்வலம் வரும் நாகூர்க் கந்தூரியைக் கண்டவர்க்கு அக்கொடிமரத்தின் மூலம் விளங்கும். தர்கா வழிபாடு பற்றி நம்மிடையே கருத்து வேற்றுமைகள் உண்டு. அவற்றை இங்கே எழுப்ப நான் விரும்பவில்லை. புயலுக்கு அஞ்சிய ஏழைத் தமிழன், தான் எந்தச் சமயத்தவனாயினும், ஒரு முஸ்லிம் பெரியாரின் பெயரை உலகின் மறுகோடி வரை நாவில் சுமந்து சென்றான் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இதனைக் காட்டும் சுற்றுலா எந்தப் பட்டியலில் கடைசியில் இருந்தாலும் அதனையே நான் முதலில் வைப்பேன்.

பசித்தால் ‘கொலொம்போ’ கேட்டு உண்ணலாம். நம் குழம்பு என்னும் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். ஹலால் பேணுவோர் மீனில் சமைத்ததைக் கேட்டுக்கொள்க.

நடைமுறை பற்றிச் சில சொல்லவேண்டும். கப்பல் நிறுவனத்தின் வழியாகச் சென்றால் கட்டணம் மிகுதி. ஆனால் வண்டி தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தாமாகச் செல்வோர்க்காக அது காத்திராது. ஆகவே தனியே செல்வோர் புறப்படும் நேரத்திற்கு ஒன்றரை மணிக்கு முன்பாவது துறைமுகம் திரும்பிவிட வேண்டும். தீவில் பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். செல்லுமிடங்களின் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வது நலம். நாணயம் யூரோ. முதியோர் உடன் வந்தால் நினைவகத்தோடு நிறுத்திக்கொள்க. லெ மூல் ஒரு திசை, கப்பெஸ்தேர் மறு திசை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் பார்த்தது சாலையாகவே முடியும். இளைஞர்க்கு ஆசையிருந்தால் கப்பெஸ்தேருக்கு மேலே மலையில் கார்பே அருவிகள் உள்ளன. வண்டி அவ்வழியே செல்வதால் அதனைத் தடுக்க நான் விரும்பவில்லை.

இன்னொன்று. கப்பெஸ்தேரில் 1863இல் பிறந்த ஆன்ரி சிதம்பரோம் என்பவர், இந்தியர் வழித்தோன்றல்களுக்கு வாக்குரிமை வேண்டி 1904 முதல் வழக்காடி, 1923இல் வெற்றி கண்டார். சிதம்பரம் அங்கே சிதம்பரோம் ஆனது. முத்துசாமி மூத்துசாமியாகவும் வீரப்பன் விராபேனாகவும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இன்றும் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றனர். அங்கே செல்லும் நம் மாணவர்கள் கடைப் பலகைகளிலும் கல்லறைகளிலும் காணும் இத்தகைய பெயர்களைக் குறித்து வந்து தமிழ்த்துறையில் கொடுப்பார்களாயின், முதுகலை மாணவர் ஒருவர் ஆய்வு செய்வதற்கு அவையே போதும்.