ஊர்ப்பெயரே பெயராகும்போது

நம் தினசரிகளில் ஒரு வாக்கியம் ஆண்டாண்டாக அச்சேறிக்கொண்டே இருக்கிறது. ஏற்காடு அருகேயுள்ள இன்ன கிராமத்தைச் சேர்ந்த, தோட்டக் கூலி ஒருவரின் மகனான, பத்தாம் வகுப்பு படிக்கும் 15 வயதுச் சிறுவன் என்று அது தொடங்கும். பெயர் மட்டும் இராது. படம் இருந்தால் முகத்தில் சதுரம் சதுரமாக மங்கல் பூசியிருப்பார்கள். சட்டத்தை மதித்துவிட்டோம் என்று செய்தியாளருக்கும் ஒரு நிம்மதி, வாசகருக்கும் ஒரு நிம்மதி.

இந்த நிம்மதி எத்தனை போலியானது என்பது சேர்வராயன் மலைமேல் நின்று பார்த்தால்தான் புலப்படும். சென்னை வியாசர்பாடியைச் சேர்ந்த 16 வயதுச் சிறுவன் என்று எழுதினால் அவன் ஆயிரக்கணக்கானோரில் ஒருவனாக மறைந்துகொள்ள இடமிருக்கிறது. நாகலூரையோ செம்மநத்தத்தையோ ஒட்டிய ஒரு சிற்றூரில் அந்த இடம் ஏது? நாற்பது ஐம்பது வீடுகள். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், பங்காளி. பத்தாம் வகுப்புப் பையன்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஊரின் பெயர் அச்சான கணமே பையனின் பெயரும் அச்சாகிவிட்டது. சேலத்திலிருந்து வந்த பத்திரிகைக் கட்டை ஒண்டிக்கடையில் பிரிக்கும்போது, யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவில், பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றோடு நிற்கவில்லை. குழந்தையை அடையாளம் காண வழிசெய்யும் வேறெந்த விவரத்தையும் வெளியிடலாகாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'வேறெந்த விவரத்தையும்' என்னும் அந்தச் சொற்களில்தான் பிரிவின் உயிர் இருக்கிறது. நம் செய்தியறைகளோ மாநகரத்தை மனத்தில் வைத்து அதை வாசிக்கின்றன. மலையூருக்கு அதே அளவுகோல் செல்லாது என்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, பதினாறு வயது நிரம்பிக் கொடுங்குற்றத்துக்காகக் குழந்தைகள் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டோர் நீங்கலாக, பிறருடைய தண்டனைப் பதிவுகளை மேல்முறையீட்டுக் காலம் கடந்ததும் அழித்துவிட வேண்டுமென்கிறது. காவல் நிலையக் கோப்பு அழியும். செய்தித்தாளின் இணையப் பக்கம் அழியாது. காபித் தோட்டத்தில் வேலை கேட்டுப் போகும் நாளிலும், பெண் கேட்டுப் போகும் நாளிலும் அந்தப் பக்கம் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

தமிழ் கற்பிப்பவர்களாகிய நமக்குச் சொற்களின்மீது இயல்பாகவே கண் போகிறது. 2015இல் சட்டம் 'இளைஞர்' என்ற பழைய சட்டச்சொல்லின் கறையைக் கழுவ முயன்று, 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' என்று எழுதிக்கொண்டது. வாசிக்க அழகான தொடர் அன்றுதான். ஆனால் முரண்பாடு தீரக்கூடியது என்னும் நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. பத்திரிகைத் தமிழில் அவன் விசாரணைக்கு முன்பே 'இளங்குற்றவாளி'. செயல் 'வெறிச்செயல்'. மறுநாளே 'திடுக்கிடும் வாக்குமூலம்'. காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகாது என்பது நெடுங்காலச் சட்டம். நீதிமன்றத்தில் செல்லாத காசு தேநீர்க்கடையில் முழு மதிப்புக்குச் செலாவணியாகிறது.

2012 பிப்ரவரியில் சென்னைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். வகுப்பறையில் நாள்தோறும் நிற்கும் நம்மை அச்செய்தி உலுக்கியதுபோல் வேறெதுவும் உலுக்கியதில்லை. அந்த அம்மையாரின் இழப்பைச் சிறிதாக்கிப் பேசும் எண்ணம் நமக்கில்லை. ஆயினும் அடுத்த சில நாள்களில் நாம் வாசித்தது என்ன? அவன் பார்த்த 'அக்னீபத்' என்ற இந்திப் படத்தைப் பற்றி. அவ்வளவு பெரிய துயரத்துக்கு அவ்வளவு சிறிய காரணம் ஒன்று கிடைத்ததும் எல்லாரும் ஆறுதல் அடைந்துவிட்டார்கள்.

அவ்வாண்டின் டிசம்பரில் தில்லி. குற்றம் சாட்டப்பட்ட அறுவரில் ஒருவன் பதினெட்டு நிரம்பச் சில மாதங்களே இருந்தவன். அறுவரிலும் கொடியவன் அவனே என்ற வாசகம், சாட்சியம் எதுவும் பதிவாகுமுன்பே, 'வட்டாரத் தகவல்' என்ற பெயரற்ற ஊற்றிலிருந்து நாடெங்கும் பரவிற்று. வயது வரம்பைக் குறைக்க வேண்டாமென்று 2013 ஜனவரியில் நீதிபதி வர்மா குழு கூறியதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? மூன்றாண்டு முடிந்து 2015 டிசம்பர் 20 அன்று அவன் வெளியே வந்தான். கூச்சலின் நடுவே, இரண்டே நாள்களில் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. கொடுங்குற்றமெனில் பதினாறு வயதுக்காரனையும் பெரியவனாக விசாரிக்க வழி பிறந்தது இப்படித்தான். 2022ஆம் ஆண்டுக்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கில் சிறார்மீதான வழக்குகள் 30,555. நாட்டின் மொத்த வழக்குகளோ 58 லட்சத்துக்கு மேல். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நம் அச்சம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததன்று.

பிறகு அந்தச் சிறுவர்கள் எங்கே போகிறார்கள்? சேர்வராயன் மலைப் பையன் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறான். செய்தி மலையிலேயே முடிந்துவிடுகிறது. கதவு சாத்தியபின் நடப்பதில் பத்திரிகைக்கு ஆர்வமில்லை. 2022 டிசம்பர் இறுதியில், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் செங்கல்பட்டு இல்லத்தில் அடிபட்டு இறந்தான், ஊழியர்கள் கைதாயினர். அச்செய்தி வராமலில்லை, வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவிடம் இல்லங்களின் சீர்திருத்தம் பற்றிப் பரிந்துரைக்கும் பொறுப்பை அரசு ஒப்படைத்தது. ஆனால் தில்லிச் சிறுவனுக்காகத் தொலைக்காட்சியில் இரவிரவாக நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தச் சிறுவனுக்காக நடந்ததாக நினைவில்லை. சிறுவன் கத்தியெடுத்தால் தேசியப் பிரச்சினை. சிறுவன்மீது கைவைத்தால் மாவட்டச் செய்தி.

நம்மிடம் பயின்று இப்போது ஒரு நாளிதழின் உள்ளூர்ச் செய்தியாளராக இருக்கும் தம்பி ஒருவரிடம் இதையெல்லாம் கேட்டோம். "ஐயா, ஊர்ப்பெயர் இல்லாமல் அனுப்பினால் மேசையிலிருந்து எந்த ஊர் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஊர்ப்பெயருக்காகத்தானே அந்த ஊர்க்காரர் பத்திரிகை வாங்குகிறார்" என்றார். பொய் சொல்லவில்லை. அவர் பிழைப்பு அது.

'சேலம் மாவட்டம்' என்று மட்டும் எழுதினால் செய்தியில் என்ன குறைந்துவிடும் என்று கேட்டதற்கு, அதை மேசையில் உள்ளவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்று முகவரி கொடுத்தார். 74ஆம் பிரிவின் படியொன்றை இந்த வாரமே அஞ்சலில் அனுப்புகிறோம். உடன் சேர்வராயன் மலையூர்கள் சிலவற்றின் பெயர்களும், ஒவ்வொன்றிலும் எத்தனை வீடுகள் என்ற கணக்கும்.