நடைபாதையும் நடக்கும் பாத்தியதையும்

தமிழ்நாடு சர்க்கார் 2023-ம் வருஷம் நவம்பர் மாதம் 4-ந் தேதி "நடப்போம் நலம் பெறுவோம்" என்னும் பெயரால் 38 ஜில்லாக்களிலும் ஜில்லாவுக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதைத் திட்டத்தைத் துவக்கி வைத்தது வாசகர்கள் அறிந்த விஷயமே. 2020-ம் வருஷத்தில் நாகப்பட்டினத்தை விட்டுப் பிரிந்து 38-வது ஜில்லாவான மயிலாடுதுறையும் இதில் சேர்ந்ததேயாகும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பெருகியுள்ள இந்நாளில் ஜனங்களை நடக்கச் சொல்லுவது நல்ல காரியமென்பதில் நமக்கு ஆக்ஷேபணையில்லை. வியாதிக்கு மந்திரித்துத் தாயத்துக் கட்டுவதை விட, காலையில் எழுந்து கை வீசி நடப்பது ஆயிரம் பங்கு மேலானதாகும்.

ஆனால் எந்த ஊரிலாவது ஒரு பாதை போடப் போகின்றார்கள் என்றால், அவ்வூர்வாசிகளிடமிருந்து சில ஆக்ஷேபணைகள் கிளம்புவது சகஜம். அவற்றை நாம் இரண்டு வகையாகப் பிரிக்கின்றோம்.

ஒரு வகை நியாயமானது. "இருக்கிற ரோட்டையே நேராக வைத்திருக்க முடியவில்லையே, புதுப் பாதை எதற்கு?" என்று கேட்பார்கள். பாதாள சாக்கடைக் குழாய் உடைந்து நடுரோட்டில் பள்ளம் விழுவதைக் கண்ட மயிலாடுதுறைவாசி இப்படிக் கேட்டால் அவர் மேல் என்ன குற்றம்? "நடைபாதை என்று சொல்லித் தள்ளுவண்டிக்காரனையும் பூக்காரியையும் விரட்டி விடுவார்களே" என்று கேட்பதும் நியாயந்தான். தெரு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்காமல் அவர்களை விரட்டக் கூடாதென்பதற்காகவே 2014-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்யப்பட்டிருக்கின்றது. ஊனமுற்றோர் தள்ளு நாற்காலியில் போகத் தகுந்த சரிவுப் பாதை வேண்டுமென்பதற்கும் 2016-ம் வருஷத்துச் சட்டம் இருக்கின்றது. இவற்றைக் கவனித்த பிறகே பாதை போட வேண்டும்.

நொண்டி என்றதும் மாயவரத்துக்காரர்களுக்கு முடவன் முழுக்கு ஞாபகம் வரும். ஐப்பசி மாதத்தில் துலாக் கட்டத்தில் முழுகினால் பாவம் போகுமென்று நம்பி ஒரு முடவன் தவழ்ந்து தவழ்ந்து வந்தானாம். வந்து சேருவதற்குள் மாதம் முடிந்து விட்டதாம். அவனுக்காகச் சுவாமி கார்த்திகை முதல் தேதியையும் சேர்த்துக் கொடுத்தாராம். ஒரு நாள் தவணை கொடுக்கத் தெரிந்த சுவாமிக்கு, அவன் வருவதற்கு ஒரு நல்ல பாதை போட்டுக் கொடுக்க ஏன் தோன்றவில்லை என்று நாம் கேட்கின்றோம். பாதை போடுவது மனிதன் செய்ய வேண்டிய வேலை. அதை மனிதனிடந்தான் கேட்க வேண்டும்.

இது நிற்க, இரண்டாவது வகை ஆக்ஷேபணையைப் பார்ப்போம். "பாதை போட்டால் எங்கள் வாசல் வழியாகக் கண்டவர்களெல்லாம் நடப்பார்களே" என்பதுதான் அது. திருட்டுப் பயத்தால் சொல்லுவதென்றால் அதற்கு விளக்கும் போலீஸ் காவலும் பரிகாரம். ஆனால் நம் நாட்டில் "கண்டவர்கள்" என்ற வார்த்தைக்கு வேறொரு பொருளும் உண்டு என்பதைத் தஞ்சை நாட்டில் பிறந்த எவரும் அறிவார்கள்.

இதே மயிலாடுதுறைக்கு அருகில், அப்பொழுது நாகப்பட்டினம் ஜில்லாவிலிருந்த திருநாள்கொண்டச்சேரியில் 2016-ம் வருஷம் ஜனவரி மாதம் நடந்த சங்கதியை மறந்து விடலாகாது. சுமார் நூறு வயதான ஆதி திராவிடப் பெரியவர் ஒருவர் இறந்து போனார். அவர் பிரேதத்தைப் பொதுப் பாதை வழியாகக் கொண்டு போகக் கூடாதென்று மேல் ஜாதியார் என்போர் தடுத்தார்கள். பொதுப் பாதையிலேயே கொண்டு போகலாம், போலீஸ் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. உத்தரவை நிறைவேற்ற வேண்டிய போலீஸாரோ, பிரேதத்தைத் தாங்களே எடுத்து வேறு வழியாகக் கொண்டு போய்க் காரியத்தை முடித்தார்கள். நூறு வருஷம் இந்த மண்ணில் நடந்த ஒரு மனிதனுக்கு, செத்த பிறகு அந்தப் பாதையில் ஒரு தடவை போவதற்கு உயர்நீதிமன்றத்தின் உத்தரவும் போதவில்லை!

டெல்டாவில் இது எவ்வளவு கஷ்டமென்பது வெளியூரார்க்கு விளங்காது. இங்கே தெருவுக்கும் சேரிக்கும் நடுவிலும், சேரிக்கும் சுடுகாட்டுக்கும் நடுவிலும் இருப்பது நஞ்சையும் வாய்க்காலுமேயாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதையில்லாமல் பாடை தூக்குகிறவர்கள் நட்ட பயிரை மிதித்து முழங்கால் சேற்றில் இறங்க வேண்டும். வாய்க்கால் நிறைந்திருந்தால் நீரில் இறங்கித் தலைக்கு மேல் தூக்கிப் போக வேண்டும். பயிர் அழிந்ததென்று வயற்காரர் சண்டைக்கு வருவது வேறு. வயலை உழுது, நட்டு, அறுத்துக் கொடுத்தவனுக்குத்தான் அதன் ஓரத்தில் ஓர் ஒற்றையடிப் பாதை இல்லை.

இது இன்று நேற்றைய வழக்கல்ல. வைக்கத்தில் 1924-ம் வருஷம் சத்தியாக்கிரகம் நடந்தது கோவிலுக்குள் போவதற்காக அல்ல; கோவிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகவே. அதற்காகத் தோழர் ஈ. வெ. ராமசாமி இருமுறை சிறை சென்றார். 1925-ல் ராஜி ஏற்பட்டும் கிழக்குத் தெரு திறக்கப்படவில்லை. அதே 1924-ல் பொது ரோடும் கிணறும் எல்லாருக்கும் பொது என்று சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் நிறைவேற்றினார். 1950-ல் வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவும் அதையே சொல்லுகின்றது. சட்டம் ஏட்டில் நன்றாய்த்தானிருக்கின்றது, பாதையில்தான் காணோம்!

ஆகவே நாம் நடைபாதைத் திட்டத்தை எதிர்க்கவில்லை. அதை நீட்ட வேண்டுமென்றே சொல்லுகின்றோம். நகரத்தில் கொழுப்புக் கரைய நடப்பவருக்கு 8 கிலோமீட்டர் போடுகிற சர்க்கார், கிராமத்தில் பிழைப்புக்கு நடப்பவருக்கு ஒவ்வொரு சேரியிலிருந்தும் பள்ளிக்கூடத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், சுடுகாட்டுக்கும் பாதை போட வேண்டாமா? கிராம வரைபடத்தில் பாதைப் புறம்போக்கு என்று எழுதியிருக்குமிடங்களை அளந்து கல் நட்டு, ஆக்கிரமிப்பை எடுத்தாலே பாதி வேலை முடிந்து போகும்.

தோழர்களே! கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகின்றது. அடுத்த கூட்டத்திற்குத் தவறாமல் போங்கள். உங்கள் ஊர்ச் சுடுகாட்டுப் பாதை எந்தெந்தத் தெரு வழியாகப் போகின்றது, அதில் யார் யார் போகலாம் என்று எழுந்து நின்று கேளுங்கள். "எல்லாரும் போகலாம்" என்று பதில் சொன்னால் அதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுத்தால், ஆக்ஷேபணை பாதையைப் பற்றியதா, அதில் நடக்கும் மனிதனைப் பற்றியதா என்பது அங்கேயே விளங்கி விடும்.